கூடையின் அடியில் இருந்தவை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசி முடித்ததும் உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனேன். வைகாசி மாதத்தில், பங்கனபள்ளி மாங்காய் பறிக்கிற நேரத்தில், பசியில்லை என்று நான் சொல்லி அவள் கேட்டதே கிடையாது. பின்னாலேயே வந்து, "இன்னாய்யா, புள்ள இன்னா சொன்னான்?" என்று கேட்டாள். சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். மழை வந்ததா, யாழினிக்கு சளி தேவலையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். நான்கு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பேப்பர் குறுக்கே பேசாது.

நீ சொன்னது இதுதான். அடுத்த மாதம் குழந்தை யாழினிக்கு நம் மலையிலேயே மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும். நல்லது. "மாமன் மடி வேணாம் நைனா. நம்ம வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு போனவங்க புள்ளைய நாம ஏன் போய்க் கூப்புடணும்? நீயே உக்காரு. உன் மடியில வெச்சே குத்திடலாம்" என்றாய். நானும் "ஆங், சரிடா" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு வார்த்தை. என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. தாய்மாமன் தணிகாசலம் உயிரோடு இருக்க, பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிக்கொண்டு நல்லபடியாக இருக்க, அவன் உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்காருவதற்கு சரி என்று சொல்லியிருக்கிறேன். அந்த மடிக்கு எனக்கு அருகதை இல்லை, தம்பி. ஏன் இல்லை என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். படிக்கும்போது உனக்குக் கோபம் வரும். வரட்டும். பாதியில் கிழித்துப் போடாமல் கடைசிவரை மட்டும் படி.

நம் வீட்டுக்கு விருந்தாளி வருவதற்கு ஒரு பருவம் உண்டென்று நீயே கேலி செய்வாய். சித்திரை முடிந்து காற்றில் மாம்பழ வாசனை கலந்தால் போதும், பல வருடமாகக் காணாத சொந்தமெல்லாம் ரயிலேறி வரும். மலைக்குச் சாமி பார்க்க வந்தோம், அப்படியே உங்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்வார்கள். சாமி மேலே இருக்கிறார், தோட்டம் கீழே இருக்கிறது, இதில் 'அப்படியே' எங்கிருந்து வந்தது என்று உன் அம்மா அடுப்படியில் முணுமுணுப்பாள். ஆனாலும் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. மரத்தடியில் உட்கார்ந்து வயிறு கொண்டமட்டும் தின்னலாம், போகும்போது ஒரு பை நிறையக் காய். என் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். அதிலும் ஒரு முறை உண்டு. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற காய் கையால் பறித்ததாக, காம்போடு இருக்க வேண்டும். கீழே விழுந்தது ஊறுகாய்க்கும் மாட்டுக்கும்தான். விழுந்த காய் பார்ப்பதற்கு முதல் நாள் நன்றாகவே இருக்கும். வைக்கோலில் போட்டு நான்கு நாள் கழித்து எடுத்தால்தான் அடிபட்ட இடம் கறுத்து, உள்ளே கூழாகியிருக்கும். இது நமக்குத் தெரியும். பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தெரியாது.

உனக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் மலையடிவாரத்தில் முட்டி மோதிக்கொண்டிருந்தது. நீ காற்றுக்கு விழுந்த நீலங்காயை எல்லாம் பொறுக்கி, ஒரு கூடையில் அடியில் போட்டு, மேலே மட்டும் நல்ல பழமாக அடுக்கிக்கொண்டு போய் விற்றாய். எங்கிருந்து கற்றுக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை. மண்டிக்குக் கூடை கட்டும்போது நான் செய்வதைப் பார்த்துத்தான் கற்றிருப்பாய். மண்டிக்காரன் விவரமானவன். கூடையில் முழங்கை வரை கையை விட்டு அடிக் காயை எடுத்துப் பார்ப்பான். அது அவனுக்கும் எனக்கும் நடக்கிற விளையாட்டு. ஆனால் நீ காவடி தூக்கி வந்தவர்களிடம் விற்றாய் என்று கேள்விப்பட்டு ஓடி வந்து, அத்தனை ஜனங்களுக்கு நடுவில் உன் கன்னத்தில் அறைந்தேன். "சாமி பாக்க வர்றவன் கூடையில கைய உட்டுப் பாப்பானாடா? நம்பி வாங்கறவன ஏமாத்தறியே, சோறுதானே துன்ற?" என்று கத்தினேன். விரல் பதிந்த கன்னத்தோடு நீ அழாமல் நின்றாய். அந்த அறை சரியென்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அறை சரிதான். அறைந்த கைதான் சரியில்லை.

உன் கல்யாணம் முடிந்த முதல் மாம்பழப் பருவம் நினைவிருக்கிறதா? நீ மஞ்சுளாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது நான் குறுக்கே நிற்கவில்லை என்று ஊரே என்னைப் புகழ்ந்தது. நானும் அந்தப் புகழை வாங்கி வைத்துக்கொண்டேன். உள்ளே வேறு மாதிரி இருந்தேன். நாலு தலைமுறையாக நிலம் வைத்திருக்கிற வீடு, தறிக்கார வீட்டில் போய் சம்பந்தம் செய்கிறது என்று ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. எங்கேயும் வெளியே காட்டவில்லை. பந்தியில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன், சம்பந்தி என்று கூப்பிட்டேன், தோளில் கை போட்டேன். திமிர் இருக்கிறவன் எல்லாம் சத்தம் போடுவான் என்று நினைக்காதே. என் திமிர் சிரித்துக்கொண்டே இருந்தது.

அந்த வைகாசியில் உன் மாமனார், மாமியார், தணிகாசலம் மூன்று பேரும் மலைக்கு வந்தார்கள். நீங்கள் இருவரும் அம்பத்தூரில் இருந்தீர்கள், உனக்கு லீவு கிடைக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் சூறைக்காற்றோடு மழை அடித்து, காய் மரத்தடியில் விரித்துப் போட்டதைப்போல் கிடந்தது. மிச்சம் நின்றதை மறுநாள் காலையில் வியாபாரி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து அவர்கள் நெற்றியில் திருநீறோடு கேட்டில் வந்து நின்றார்கள். உன் மாமனார் செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "தோட்டத்துல ஏன் சம்பந்தி செருப்ப கழட்டறீங்க, முள்ளு குத்தும்" என்றேன். "சோறு போடற மண்ணுங்க. நாங்க தறிக் குழியில காலு வைக்கறப்பவும் இப்படித்தாங்க" என்றார். மரம் மரமாக நின்று பார்த்தார். ஒரு காயையும் தொடவில்லை. உன் அம்மா இலை போட்டாள், சாப்பிட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

கிளம்பும்போது கொடுத்தனுப்ப வேண்டும். கையால் பறித்த காய் எல்லாம் லாரியில் இருந்தது. இரண்டு கூடையை இறக்கச் சொன்னால் வியாபாரி இறக்கியிருப்பான், முணுமுணுத்துக்கொண்டாவது இறக்கியிருப்பான். தொரட்டியை எடுத்துக்கொண்டு இன்னும் பறிக்காத மேற்கு வரிசை மரத்துக்குப் போயிருந்தால் அரை மணி நேரத்தில் ஒரு கூடை பறித்திருக்கலாம். நான் இரண்டும் செய்யவில்லை. பெரிய மூங்கில் கூடையை எடுத்தேன். கீழே விழுந்து கிடந்ததைத் துடைத்துத் துடைத்து முக்கால் கூடை போட்டேன். மேலே ஒரு அடுக்கு மட்டும் லாரியிலிருந்து எடுத்த, காம்போடு இருக்கிற நல்ல காயை அடுக்கி, மாவிலை போட்டு மூடிக் கட்டினேன். உன் அம்மா பார்த்துவிட்டாள். "வேணாம்யா, பொண்ணு குடுத்தவங்க" என்றாள். "அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது? நூலு தெரியும், மாங்கா தெரியுமா?" என்றேன். இதை எழுதும்போது என் காது சூடாகிறது, தம்பி. இந்த வார்த்தையை நான் சொன்னேன். இப்படியே சொன்னேன். கூட்டிச் சொல்லவும் இல்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை.

அப்பனும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூடையைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. "நாலு நாளு வைக்கோல்ல வைங்க, அப்புறமா பாருங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அதற்கு உன் மாமனார், "எங்களுக்கு மட்டும் இல்லீங்க. சம்பந்தி வூட்டுத் தோட்டத்துக் காய்னு தெருவுக்கே குடுக்கணுங்க. அதுதாங்க எங்களுக்குப் பெருமை" என்றார். அப்போதாவது கூடையைப் பிடுங்கி வைத்திருக்கலாம். நின்று கையாட்டினேன்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியான வேளை. நான் மோட்டார் கொட்டகையில் இருந்தேன். கேட்டில் உன் மாமனார் தனியாக, தலையில் அந்தக் கூடையோடு வந்து நிற்பது தெரிந்தது. உன் அம்மாவிடம், "நான் இல்லன்னு சொல்லு" என்றேன். என்னை விட மூன்று வயது மூத்தவர் வெயிலில் வந்து நிற்கிறார், நான் மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறேன். கொட்டகைச் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்திருக்கும், உனக்குத் தெரியும். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். கூடையை அவர் கேட்டோரம் இருக்கிற கல்லில் இறக்கினார். இறக்குவதற்கு முன்னால் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கல்லில் இருந்த தூசியைத் தட்டினார். கூடை கழுவிக் காயவைத்துப் புதிதுபோல் இருந்தது. "உங்க கூடைங்கம்மா. தேடுவீங்களேன்னு எடுத்துகினு வந்தேன்" என்றார். உள்ளே வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகும்படி உன் அம்மா கெஞ்சினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. சம்பந்தி வந்தா கேட்டேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேட்டுக்கு உள்ளே கால் வைக்கவில்லை. கூடைக்குள் ஒரு வேட்டி இருந்தது. அரக்குக் கரை, அவரே கைத்தறியில் நெய்தது. கொண்டுவந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நமக்கும் உள்ள வழக்கம்தான். கெட்டுப்போன காயைக் கொடுத்தவனுக்கும் அந்த வழக்கத்தைச் செய்ய வேண்டுமா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இதோடு நின்றிருந்தால் நான் ஒரு அற்பன் என்பதோடு போயிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். "மாமா வந்தாராமே, ஏன் உடனே போயிட்டாரு?" என்று கேட்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "உன் மாமனாருக்கு நம்ம மாங்கா இனிக்கலியாம். கூடைய தூக்கி கேட்டுல வீசிட்டுப் போறாரு. இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு" என்றேன். நீ என் மகன், நான் சொன்னால் நம்புவாய். கூடையின் மேலடுக்கைப் பார்த்து அவர்கள் நம்பியதைப்போல நீயும் நம்பினாய். அடுப்படியில் உன் அம்மா கையில் கரண்டியோடு நின்றாள். அவள் வாய் திறக்கவில்லை என்று அவள்மேல் கோபப்படாதே. திறந்திருந்தால் உன் எதிரில் நான் அவளை என்ன பேசியிருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எதனால் நடந்தது என்று தெரியாது. அன்றைக்கே நீ மஞ்சுளாவுக்குப் போன் போட்டு, "உங்கப்பனுக்கு மரியாதைன்னா இன்னான்னு தெரியுமா?" என்று கத்தினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் வயிற்றில் யாழினி இருந்தபோது வளைகாப்புக்கு அவர்களைக் கூப்பிடவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பவில்லை, நம் பெண் நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாய். நானும் தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் உன் மாமனார் குழந்தையைப் பார்க்க வந்தபோது, நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு காரிடாரில் போய் நின்றாய். அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் இல்லை, தம்பி. வெறும் திரைதான்.

மஞ்சுளாவைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பருவமும் நீங்கள் வரும்போது நான் கூடையில் எடுத்து வைத்திருப்பேன். அவள் அதைத் தொட மாட்டாள். "நானே பறிச்சிக்கறேன் மாமா" என்று சொல்லித் தொரட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். "பாரு நைனா, தறிக்காரர் பொண்ணு தோட்டக்காரி ஆயிட்டா" என்று நீ சிரிப்பாய். உன் அம்மா சிரிக்க மாட்டாள், நானும் சிரித்ததில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்குத் தெரியுமோ, தெரியாதோ என்று ஒவ்வொரு தடவையும் குறுகுறுக்கும். அப்புறம் அவளே பழத்தை நறுக்கி, முதல் தட்டை எனக்குத்தான் கொண்டுவந்து கொடுப்பாள். தெரிந்திருந்தால் கொடுப்பாளா என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். முதல் பறிப்பை மலைக்குக் கொண்டுபோய் முருகனுக்கு வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை என்று உங்களிடம் சொன்னேன். முழங்கால் பாதிக் காரணம்தான். சாமிக்கு ஒரு கீறல் இல்லாத காயாகத் தேடித் தேடிப் பறித்த கை, அந்தக் கூடையையும் கட்டியது. அதோடு எப்படிப் படியேறுவது?

நேற்றுக் காலையில் நானே தொரட்டியோடு தோட்டத்தில் இறங்கினேன். மேற்கு வரிசையில் உனக்குப் பிடித்த மரத்தில் காம்போடு ஒவ்வொன்றாகப் பறித்தேன். கூலிக்கு வந்தவர்களைக்கூடத் தொட விடவில்லை. அதே மூங்கில் கூடை. உன் அம்மா பெட்டியின் அடியிலிருந்து அந்த வேட்டியை எடுத்து நீட்டினாள். "கட்டிகினு போ" என்றாள். நான்கு வருடமாக மடித்தபடியே கிடந்தது. கட்டிக்கொண்டேன். பொதட்டூர்பேட்டைக்குப் பஸ்ஸில்தான் போனேன். வண்டி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, வேண்டாம் என்று விட்டேன். அவர்கள் தூக்கிய கனம் என்னவென்று எனக்கும் தெரியட்டும் என்று கூடையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு தெருவுக்குள் போனேன். வழியெல்லாம் தறிச் சத்தம். ஒவ்வொரு வீட்டு வாசலையும் கடக்கும்போது, அந்தக் காய் இந்த வீட்டுக்கும் போயிருக்குமா, இந்த வீட்டுக்கும் போயிருக்குமா என்றுதான் நினைப்பு ஓடியது.

உன் மாமனார் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். இளைத்துப்போயிருக்கிறார். "வாங்க சம்பந்தி, வாங்க" என்று கூடையை இறக்கக் கை கொடுத்தார். நான் உட்காரவில்லை. "மொதல்ல இதுல கைய உட்டுப் பாருங்க. அடி வரைக்கும் உட்டுப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, அதட்டுகிற மாதிரி வந்துவிட்டது. அவர் கையை நீட்டவில்லை. "சம்பந்தி வூட்டுக் கூடையில யாருங்க கைய உட்டுப் பாப்பாங்க?" என்றார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே அப்படி யார் செய்வார்கள் என்று கேட்கிற குரல். எனக்கு அழுகை வந்துவிட்டது, தம்பி. உன் தாத்தா செத்தபோதுகூட நான்கு பேருக்கு எதிரில் அழாதவன், அந்த வீட்டு நடையில் நின்று அழுதேன். கூடையைக் கவிழ்த்துப் பாயில் கொட்டினேன். ஒவ்வொரு காயாக எடுத்துக் காம்பைக் காட்டினேன். பைத்தியக்காரன் மாதிரி இருந்திருக்கும். செய்ததையெல்லாம் சொன்னேன். கூடையைப் பற்றி, மோட்டார் கொட்டகையைப் பற்றி, உன்னிடம் சொன்ன பொய்யைப் பற்றி. எதையும் விடவில்லை.

அவர் கடைசிவரை கேட்டார். அப்புறம் குனிந்து என் வேட்டி மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். "மடிப்புல மஞ்ச ஏறிடுச்சிங்களே. கட்டவே இல்லீங்களா?" என்றார். நெய்தவனுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். இல்லை என்று தலையாட்டினேன். "காய் கெட்டதுகூட எனக்குப் பெரிசா இல்லீங்க. தெருவுல நாலு பேரு சிரிச்சாங்க, நின்னுபோச்சி. எம்பொண்ணு மேலதாங்க எனக்கு வருத்தம்" என்றார். எதற்கு என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படித்துக்கொள். "நான் மாப்பிள்ளைகிட்ட நேரா வந்து பேசறேன்னு சொன்னேங்க. அவதான் தடுத்துட்டா. வேணாம்பா, உண்மை தெரிஞ்சா அவரு அவங்க நைனாகிட்ட பேசவே மாட்டாரு, நம்மால ஒரு அப்பனும் புள்ளையும் பிரியக்கூடாதுன்னுட்டா. புள்ளபெத்துக்க வூட்டுக்கு வரலியேன்னு அவங்கம்மா அழுதப்பவும் அதேதாங்க சொன்னா."

அப்படியானால் மஞ்சுளாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் உன் திட்டை வாங்கிக்கொண்டாள். தாய் வீட்டுப் பிரசவம் இல்லாமல், வளைகாப்புக்குப் பிறந்த வீட்டு ஆள் ஒருவர்கூட இல்லாமல், கை நிறைய வளையலோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அதுவும் தெரிந்துதான். அப்புறம் தொரட்டியால் தானே பறித்த பழத்தை நறுக்கி, முதல் தட்டை என்னிடம் நீட்டினாள். அவள் காப்பாற்றியது என் மானத்தை இல்லை. உனக்கு அப்பன் ஒருவன் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். நான் என் பொய்யால் அவளுக்கு அப்பன் இல்லாமல் செய்தேன். இதற்கு மேல் வெட்கப்பட என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், அதற்கு அவசரமில்லை. பேசாமல் இருக்கத் தோன்றினால் இரு. ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் என்னிடம் வராதே, மஞ்சுளாவிடம் போ. அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நான் பேசினால் அது மறுபடியும் மேலடுக்காகத்தான் இருக்கும். நீயாவது அடியில் இருப்பதை எடுத்துக் கொடு.

காது குத்துக்கு வரச் சொல்லி உன் மாமனாரைக் கேட்டேன். "வர்றேங்க. ஆனா நீங்க கூப்புட்டா போதாதுங்க. மாப்பிள்ளை வந்து கூப்புடணும். எனக்குக்கூட இல்லீங்க, இவன் மனசு ஆறணும்" என்று தணிகாசலத்தைக் காட்டினார். அவன் அதுவரைக்கும் தறியடியிலேயே நின்றிருந்தான். உள்ளே போய் ஒரு சின்ன நகைப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து, என் கண்ணெதிரில் நீட்டினான். நெல்மணி அளவுக்கு இரண்டு தங்கத் தோடு. யாழினி பிறந்த வாரம் வாங்கியதாம். இரண்டு வருடமாக யாரும் கூப்பிடவில்லை. பெட்டியை மூடி மறுபடியும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டான்.

கிளம்பும்போது உன் மாமியார் கூடையைக் கழுவி எடுத்து வந்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. இங்கேயே இருக்கட்டும், என் பிள்ளை வந்து எடுத்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் பேரில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்த ஒன்றையாவது என்னைப் பொய்யனாக்கிவிடாதே. மஞ்சுளாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு பூ பழத்தோடு போ. வாசலில் செருப்பைக் கழற்று. மாமன் மடியில் குழந்தையை வைக்கும் அன்றைக்கு நான் கூட்டத்தில் எங்கேயாவது ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன். கூடையை எடுத்து வர மறக்காதே. அவர்கள் அதை வெறுமனே கொடுத்தனுப்ப மாட்டார்கள்.

உன் நைனா